முதல் லாரியில் நான் படித்த வரி

மூன்று மாதமாக ஒரு கம்பெனியும் என்னை வேலைக்கு எடுக்கவில்லை. கையில் ஹெவி லைசென்ஸ் இருந்தது. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி எங்க ஓட்டினே?" எங்கேயும் ஓட்டவில்லை என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அது 1998 டிசம்பர். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசு கிளார்க், அடுத்த மாதம் ரிட்டயர் ஆக வேண்டும். அதோடு வீட்டையும் காலி செய்ய வேண்டும். என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். நான் எழுதிய பரீட்சை எதிலும் தேறவில்லை. லாரி ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அம்மாவிடம் மட்டும், "ஆபீஸ்ல உக்காருவான்னு நெனச்சேன். ஸ்டியரிங்ல போய் உக்காரப் போறான்" என்றாராம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அங்கேயே இருக்கும் எங்கள் முருகன் மலைக்கோயில் படியேறினேன். அழுதேன். ஆண்பிள்ளை அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. "முருகா, ஒரு கதவையாவது திற" என்று கேட்டேன்.

அந்த வாரமே இரண்டு கதவு திறந்தது. அதுதான் எனக்குப் புதுக் கஷ்டம்.

ஒன்று, ஜனக்புரிக்கு அந்தப் பக்கம் நான்கு லாரி வைத்திருந்த ஒரு சர்தார் அம்மா. கணவர் போன பிறகு தொழிலை அவரே நடத்தினார். எல்லோரும் அவரை பீஜி என்பார்கள், பஞ்சாபியில் அம்மா என்று அர்த்தம். பனியில் என்னை மூன்று தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நடந்து வந்து பார்த்தார். "கை பரவாயில்ல பேட்டா. ஆனா ஒரு வருஷம் இன்னொரு டிரைவர் கூடத்தான் போகணும். தனியா சாவி தரமாட்டேன்" என்றார். சம்பளமும் பாதிதான்.

இன்னொன்று, வடக்கு தில்லியில் ஒரு பெரிய கம்பெனி. முதலாளி என்னை ஓட்டிக்கூடக் காட்டச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "அச்சா, மதராஸியா? நல்லவங்க. நாளைக்கே வந்து வண்டிய எடு. அகமதாபாத் போய் மூணாம் நாள் இங்க நிக்கணும். ஜல்தி வேலை, முழுச் சம்பளம்" என்றார்.

செல்வி, "ரெண்டாவதுக்கே போங்களேன். வீடு பாக்கணும்ல?" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் மறுநாள் கிளம்பும் முன் பூஜை அலமாரி முன்னால் நின்று, "இது வேண்டாம்னா எனக்குப் புரியற மாதிரி சொல்லிடு" என்று வேண்டிக்கொண்டேன்.

காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. லாரி நிற்கும் மைதானத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் இருந்தார்கள், பேச்சு இல்லை. எந்த டிரைவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் காட்டிய வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்ட் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. மருந்துக் கடை வாடை.

ஏறி உட்கார்ந்தேன். நான் குள்ளம். எந்த வண்டியில் ஏறினாலும் பக்கக் கண்ணாடியைத் திருத்தித்தான் ஆக வேண்டும். அன்று திருத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு கண்ணாடியும் என் கண்ணுக்கென்றே வைத்த மாதிரி இருந்தன. அந்தக் குளிரில் சீட் கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

வெயில் மறைக்கும் அட்டையைக் கீழே இழுத்தேன். அதன் உள்பக்கம் நீல மையில், தமிழில், ஒரு வரி.

'கன் மூடாதே.'

இன்னொரு தடவை படித்தேன். தில்லியில் பிறந்தவன் நான், இந்தியில் படித்தவன். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அன்று இருபத்தாறு வயதிலும் 'கண்' என்று எழுத எனக்கு வராது, 'கன்' என்றுதான் எழுதுவேன். அம்மா தலையில் குட்டிய பிழை அது. அந்த 'மூ'வின் சுழியும் என் கை போடும் சுழிதான்.

இறங்கி ஓடி முதலாளியிடம், "முன்னாடி இதை ஓட்டினது மதராஸியா?" என்று கேட்டேன். "இல்லையே பாயி, நீதான் இங்க முதல் மதராஸி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டேன்.

வாசலில் பிரேம் நின்றிருந்தான். இமயமலையில் அல்மோரா பக்கத்துக்காரன். அவனும் என்னைப் போல் புது டிரைவர், ஒன்றாகவே கம்பெனி கம்பெனியாக அலைந்தவர்கள் நாங்கள். நான் விட்டதை அப்போதே அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனிடம், உள்ளே 'கண்ணை மூடாதே' என்று எழுதியிருக்கிறது, போகாதே என்று இந்தியில் சொன்னேன். ஏறிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லையே தோஸ்த். வெறும் அழுக்கு" என்றான். நானும் ஏறிப் பார்த்தேன். அட்டையில் பழைய தூசி அப்படியே இருந்தது. துடைத்த தடம்கூட இல்லை.

பிரேம் வண்டியை எடுத்துப் போய்விட்டான். பனி அவனை விழுங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பீஜியிடம் சேர்ந்தேன். ஆனால் தூக்கம் போய்விட்டது. நான் தப்பித்தேன், அவனை அனுப்பிவிட்டேனே என்று மனசு அரித்தது. பைத்தியமா எனக்கு என்றும் சந்தேகம். தினமும் காலையில், "முருகா, எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லு" என்று மட்டும் வேண்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

தை பிறந்து சில நாளில் பிரேம் எங்கள் ஷெட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. பையைத் தோளில் மாட்டியிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஜெய்ப்பூர் ரோடு. காலைல ஒன்பது மணி. ரெண்டு நாளாத் தூங்கல" என்றான். "எப்போ கண் மூடினேன்னு எனக்கே தெரியாது. கதவைப் படார்னு யாரோ அடிச்சாங்க. காதுல கத்தினாங்க. நான் பிரேக்கை மிதிச்சு நின்னுட்டேன். இறங்கிப் பாத்தா, பத்தடி முன்னால ஒரு டேங்கர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே கவுந்து கெடக்கு. சுத்தி ஒரு மனுஷன் இல்ல."

பையைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு கேட்டான்: "உங்க பாஷைல 'மூடாதே'ன்னா என்ன?"

நான் அந்தத் தமிழ் வார்த்தையை அவனிடம் சொன்னதே இல்லை.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வண்டியைப் பிரேமுக்கு முன் ஓட்டியவன் என்ன ஆனான் என்று அப்புறம் விசாரித்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் யாராக இருந்தாலும், அவனுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன்.

பீஜி பிரேமையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வருஷம் இரண்டு பேரும் பெரிய டிரைவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றோம். மாசியில் எனக்கு மகள் பிறந்தாள். முதல் தடவை தனியாக வண்டி எடுத்த அன்று அப்பா ஷெட்டுக்கே வந்தார். வண்டியின் நெற்றியில் விபூதி பூசினார், பிறகு என் நெற்றியில்.

பத்து வருஷமாக ஓட்டுகிறேன். கண் சொக்கினால், சரக்கு எவ்வளவு அவசரமானாலும் ஓரம் கட்டிவிடுவேன். கந்தா என்று சொல்லிவிட்டுத் தூங்குவேன். முருகன் அருளால் ஒரு நாய்க்குட்டிமேல்கூட என் சக்கரம் ஏறியதில்லை.

வேலை கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கதவு திறந்துவிட்டது என்பதற்காகவே உள்ளே போய்விடாதீர்கள். முருகனிடம் இன்னொரு தடவை கேளுங்கள். அவன் பதில் சில சமயம் பயமாக இருக்கும், இருந்தாலும் அது பதில்தான். நம்ப முடியவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. ஊரில் இருக்கும் செவ்வாய்க்கிழமைகளில் நான் மலைக்கோயில் படியில்தான் இருப்பேன். பக்கத்தில், தமிழ் தெரியாமலே கைகூப்பிக்கொண்டு ஒரு அல்மோராக்காரன் நிற்பான். அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.