பொலிக்சேனி தின்னாத அல்வா

கவாலா துறைமுகத்தில் பொலிக்சேனி ஓடுவதைப் பார்த்தால் யாரும் பதறமாட்டார்கள். எங்கேயோ சாப்பிட்டு முடித்துவிட்டாள் என்று அர்த்தம். ஐம்பது தாண்டிய வயது, கனத்த உடம்பு, வலது முழங்காலில் வாதம். இருந்தும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடுகிற வேகத்தில் வலை உலர்த்துகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பின்னாலேயே ஒரு சர்வர் தட்டோடு துரத்தி வருவான்.

பகலில் அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமைதோறும் உள்ளூர்ப் பத்திரிகையில் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுவாள். ஊசிப்போனதை ஊசிப்போனது என்றே எழுதுவாள், அதுவும் சொந்தப் பெயரில். "எந்தக் கடை எப்படின்னு, மறுநாள் வயித்து மருந்து கேட்டு வர்ற மூஞ்சிங்களே சொல்லிடும்" என்பாள்.

இந்த ஊரில் சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரர் தன் செலவில் ஒரு தட்டு வைப்பார். தர்பூசணித் துண்டோ, பட்டைத்தூள் தூவிய ரவை அல்வாவோ இருக்கும். வேண்டாம் என்றால் அவமானம். தின்றுவிட்டுக் குறை சொன்னால் துரோகம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோமே, இங்கே அந்தச் சட்டம் இனிப்புக்கு. அதனால் பொலிக்சேனி பணத்தைக் கிளாஸுக்கு அடியில் சொருகிவிட்டு, தட்டு வருவதற்குள் கம்பி நீட்டிவிடுவாள். இதில் பரிதாபம், இனிப்பென்றால் அவளுக்கு உயிர்.

அர்கிரிஸ் கடை திறந்தபோதுதான் வந்தது வினை. அவன் சின்ன வயசுச் சிநேகிதன். அவன் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மலர்முடியை மாற்றி வைத்தவள் இவள். அவன் மகளுக்கு ஞானத்தாயும் இவள்தான். அந்த உறவில் பெண்ணை இங்கே கும்பாரா என்பார்கள், ஆணைக் கும்பாரோஸ் என்பார்கள். ரத்த உறவுக்கு ஒரு படி மேல். அவன் மீன்பிடிப் படகை விற்றுக் கடை வைத்திருந்தான்.

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவளிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்ட இன்னொரு சாப்பாட்டுக் கடைக்காரன் ஸ்டெர்யோஸ், இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் வந்து நின்றான்.

"என்னம்மா, கும்பாரோஸ் கடைன்னா பேனா எழுதாதோ? எங்களுக்கு மட்டும்தானா சாட்டை?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே போனாள். பீன்ஸ் நன்றாக இருந்தது. மத்தி அமிர்தம். ஆக்டோபஸ் மட்டும் செருப்புத் தோல். மென்றுகொண்டே அவள் கிளாஸுக்கு அடியில் பணத்தைச் சொருகினாள்.

"ஏய் கும்பாரா, நில்லுடி!" அர்கிரிஸ் அல்வாக் கிண்ணத்தோடு தெருவரை ஓடி வந்தான். "எங்கிட்டயுமா ஓடுற?"

அவள் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதாள். அழுதுகொண்டே எழுதினாள்: "பீன்ஸும் மத்தியும் அருமை. ஆக்டோபஸை மென்று முடிப்பதற்குள் எனக்கு மறுபடி பசித்துவிட்டது. சதை இளகும்படி கல்லில் அடிக்காமல், வெயிலில் காயப்போடாமல் நெருப்பில் போட்டிருக்கிறார்கள். அர்கிரிஸுக்குத் தெரியாத வேலையல்ல. சோம்பேறித்தனம்."

சனிக்கிழமை காலை அவன் மருந்துக்கடைக்குள் புயலாக நுழைந்தான்.

"சோம்பேறியா? நானா?"

"அடிச்சியா, அடிக்கலையா? அதைச் சொல்லு."

"கூட்டம் அலைமோதிச்சு! நேரம் எங்க இருந்துச்சு?"

"பார்த்தியா."

"என் பொண்ணைத் தூக்கின கைடீ அது! அந்தக் கையாலயா எழுதின?"

அதோடு பேச்சு நின்றது. அவன் மகளின் பெயர்நாளுக்கு, அதாவது அவள் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் விருந்துக்கு, பொலிக்சேனி போனபோதுகூட அவன் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். வாழ்நாளில் இருந்த ஒரே சிநேகிதனைப் பேனா தின்றுவிட்டதே என்று பொலிக்சேனிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஊர் வேறொன்றைப் பார்த்தது. விடிந்ததும் அர்கிரிஸ் துறைமுகக் கல்லில் ஆக்டோபஸை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் "பொலிக்சேனி! பொலிக்சேனி!" என்று கத்தினான். பிறகு அதைக் கொடியில் உலர்த்தினான். தினமும் இதே கூத்து. இலையுதிர் காலத்தில் அவன் மனைவி ஃபொதினி மருந்துக்கடைக்குப் போன் செய்தாள். "வந்து தின்னுட்டுப் போங்க கும்பாரா. இந்தச் சத்தத்துல அக்கம்பக்கத்துல யாராலயும் தூங்க முடியல."

பொலிக்சேனி போனாள். போகும்போதே ஒரு முடிவோடு போனாள். இன்றைக்கு ஓடப்போவதில்லை. அல்வாவைத் தின்றுவிட்டு, இந்தக் கடையைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதுவதில்லை. பேனாவை விட அவன் பெரிது.

ஆக்டோபஸ் நாக்கில் கரைந்தது. பணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்து மேஜைக்கு அல்வா போனது. பட்டை வாசனை மூக்கைத் துளைத்தது. அர்கிரிஸ் வெறுங்கையோடு வந்து நின்றான்.

"என் அல்வா எங்க?"

"உனக்குக் கிடையாது."

"இன்னுமாடா கோவம்?"

"தின்னா நீ வாயை மூடிக்குவ." அவன் கண் கலங்கியிருந்தது. "வர்றவன் எல்லாம் ஆகா ஓகோங்கிறான் கும்பாரா. நீயும் அப்படிச் சொல்லிட்டா, கடைல எது கெட்டுப்போச்சுன்னு எனக்கு யார் சொல்றது? எழுந்து ஓடு."

அவள் ஓடவில்லை. முழங்காலைத் தடவியபடி மெதுவாக, சிரித்துக்கொண்டே நடந்து போனாள்.

அந்தச் சனிக்கிழமை பத்திரிகையில் ஆக்டோபஸுக்குப் புகழாரம் வந்திருந்தது. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது: "ஒரே ஒரு குறை. கேட்டும் இனிப்புத் தரவில்லை."