ரோஸ் நிறத் துண்டுச்சீட்டு

போன மாதம் சிநேகிதியின் கல்யாணத்துக்கு மணலூர்பேட்டை போயிருந்தேன். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே தரையின் சரிவு காலுக்குத் தெரிந்தது. சில வருடங்களுக்கு முன்பு வரை அது சினிமா கொட்டகை. பந்தியில் இலை தாண்டிய ரசம் நேராக மேடைப் பக்கம் ஓடியபோது எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

அந்தக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டியவர் என் அப்பா. சைக்கிள் ஹேண்டிலில் மைதா பசை வாளி, கேரியரில் போஸ்டர், முன் பாரில் நான். போஸ்டரின் குறுக்கே ஒரு துண்டுச்சீட்டும் ஒட்டவேண்டும். படம் வந்த அன்று ‘இன்று முதல்’, எடுக்கிற அன்று ‘இன்றே கடைசி’. இரண்டு கட்டுமே ஒரே ரோஸ் நிறம்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. கிளம்பும்போது அப்பா அந்தச் சீட்டுக் கட்டுகளில் ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். “இது இன்னா, படி பாக்கலாம்.” படிப்பேன். தலையாட்டிவிட்டு எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் அடுத்த கட்டை நீட்டுவார். எங்கள் வாத்தியார்கூட அத்தனை ஒழுங்காகப் பரீட்சை வைத்ததில்லை.

அரையாண்டு லீவில் ஒரு வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்து கொட்டகை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரம். “இதுவும் போவலன்னா இழுத்து மூடிட வேண்டியதுதான்” என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கோ அப்பாவை ஏமாற்றிப் பார்க்க ஆசை. அவர் ‘இன்றே கடைசி’ கட்டை நீட்டியதும், “இன்று முதல்” என்று கூசாமல் சொன்னேன். காதைத் திருகுவார் என்று காத்திருந்தேன்.

“அப்டி சொல்றா எம் பொண்ணு!” என்று சைக்கிளை எடுத்துவிட்டார். அவரும் விளையாடுகிறார் போலிருக்கிறது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எல்லா ஊர்ச் சுவர்களுக்கு முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மதியக் காட்சிக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். “வந்ததே தெரியல, அதுக்குள்ள கடைசியா?” தரை டிக்கெட்கூடத் தீர்ந்துபோனது. மறுநாளும் படம் ஓடுவதைக் கண்டு அதே ஆட்கள் வாசலில் கூடினார்கள். “நேத்தே கடைசின்னு ஒட்டிட்டு இன்னிக்கும் ஓட்டிக்கினு கீறீங்க? எங்களுக்கு ஒரு லோடு கரும்பு நின்னுபோச்சுய்யா!”

முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். “கண்ணு அவிஞ்சா போச்சு? இன்னியோட நின்னுக்க.”

நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

“என் தப்புதாங்க. அவசரத்துல கட்டு மாறிப்போச்சுங்க.”

முதலாளி முறைத்தார். பிறகு வாசலை எட்டிப் பார்த்தார். சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர் குரல் இறங்கியது. “சரி சரி, போயி வேலயப் பாரு. அந்தக் கட்டுல மீதி எதுனா கீதா?”

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வழக்கம்போலக் கட்டை நீட்டினார். படித்தேன்.

“இன்னொரு வாட்டி படி. வெரல வெச்சிக் காட்டு.”

ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உதடும் கூடவே அசைந்தது. செய்த குறும்புக்குத் தண்டனையாகப் பரீட்சையைக் கடினமாக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.