ஊசியும் உன் இஷ்டமும்

தெருவில் அவளுக்குக் கண்ணாடி டாக்டர் என்று பெயர். அவள் டாக்டரும் இல்லை, கண்ணாடி செய்கிறவளும் இல்லை. கடைத்தெருவில், செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவள். அதற்கென்று முறையாகப் படித்தவள். ஒன்பது வருஷமாக அதே ஜன்னல் இல்லாத அறை, அதே எழுத்துப் பலகை, அதே கேள்வி. ஒரு லென்ஸைப் போடுவாள், எடுப்பாள், இன்னொன்றைப் போடுவாள். எது தெளிவாக இருக்கிறது, இதுவா, முன்னால் போட்டதா? வருகிறவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி பயந்துபோய், நீங்களே பார்த்து ஏதாவது எழுதுங்கள் என்று நழுவப் பார்ப்பார்கள். அவள் விடமாட்டாள். கண் அவர்களுடையது, பார்க்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

சோதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரிடமும் ஒரே வசனம்தான் சொல்வாள். பவர் என் பொறுப்பு, ஃபிரேம் உங்கள் இஷ்டம். தங்க நிறம் வேண்டுமா, கறுப்பு வேண்டுமா என்பதில் அவள் தலையிட்டதே இல்லை. பவரில் மட்டும் கடை முதலாளியே வந்து சொன்னாலும் கால் புள்ளி இறங்க மாட்டாள்.

இவ்வளவு கறாரானவள் சொந்த வீட்டில் எப்படி இருந்தாள் என்றால், வாயில்லாப் பூச்சியாகத்தான் இருந்தாள். சண்டை போடத் தெரியாமல் இல்லை. நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் பேசி ஜெயிக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு இது ஆறாம் மாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. ஏன் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலும் காரணம் தெரியவராது, உங்கள் தப்பு எதுவும் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. ஸ்கூட்டரில் போகாதே என்று அப்பவே சொன்னேன் என்றாள் அம்மா, போனில். நின்றபடி வேலை பார்க்க வேண்டாம் என்று அப்பவே சொன்னேன் என்றார் மாமனார். பீரோவை நகர்த்தும்போதே சொன்னேன் என்றான் கணவன். அவள் படுக்கையில் கிடந்தபடி யோசித்து யோசித்துப் பார்த்தாள். அம்மா அதே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனவள். மாமனார் அவள் வேலையைப் பற்றி அதுவரை கேட்டதெல்லாம் எத்தனை மணிக்கு வருவாய் என்பதுதான். பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்து நகர்த்தியவனே கணவன்தான். மூன்று பேரில் ஒருவரும் ஒருநாளும் எதையும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

குழந்தை போனது ஒரு துக்கம். அது அவள் கையாலேயே போனது என்று மூன்று பேர் சேர்ந்து தீர்ப்பு எழுதியது இன்னொன்று. முதலாவதை அழுது ஓரளவு ஆற்றிக்கொண்டாள். இரண்டாவது ஆறவில்லை. நினைக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருந்தது.

இந்த முறை எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், மாதாந்திரச் சோதனையில் டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே ஊசிப் பேச்சை எடுத்தார்.

"ஃப்ளூ சீசன் ஆரம்பிச்சாச்சு. ஊசி போட்டுக்கோங்க. வயித்துல குழந்தையோட இருக்கறப்ப அந்தக் காய்ச்சல் வந்தா கடுமையா வரலாம். பொறக்கற குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் இந்த ஊசி போட முடியாது. இப்ப நீங்க போட்டுக்கிட்டா அதுக்கும் கொஞ்ச நாளைக்குப் பாதுகாப்பு."

போட்டே ஆக வேண்டுமா என்று அவள் கேட்டாள். கட்டாயம் இல்லை, ஆனால் போட்டுக்கொள்ளச் சொல்வதுதான் என் யோசனை, அப்புறம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா மணியை அடித்தார். வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். மூன்று பேரிடமும் யோசனை கேட்டாள். பின்னால் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது, இப்போதே ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டாள்.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கோப்பில்கூடத் தன் கருத்து என்று ஒரு வரி எழுதாமல் தப்பித்தவர். அதை ஒரு சாதனையாகவே சொல்லிக்கொள்வார். பேப்பரை மடித்து வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஊசியில் உள்ள நன்மை என்ன, கேள்விப்பட்ட கெடுதல் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினார். அவளுக்கே தெரியாத விஷயங்களெல்லாம் அதில் வந்தன. கடைசியில், எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் உன் இஷ்டம்மா என்று முடித்துவிட்டு மறுபடி பேப்பரை விரித்தார்.

கணவன் ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிறவன். ஊரில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அங்கே ஒரு மருத்துவ ஆலோசனை அவனுக்கு இலவசமாகக் கிடைக்கும். அந்த வாரம் முழுக்க போனில் வீடியோவாக வாங்கிவந்து காட்டினான். திங்கட்கிழமை வந்த வீடியோவில் ஊசி நல்லது, செவ்வாய்க்கிழமை வந்ததில் ஆபத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, நீதான் இந்த மாதிரி விஷயமெல்லாம் படித்தவள், உன் இஷ்டம் என்றான்.

அம்மா, அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். என் இஷ்டம் என்கிறார்கள் என்றாள் இவள். அப்படியானால் சரி, உன் இஷ்டம் என்று நிம்மதியாகப் போனை வைத்தாள் அம்மா.

இந்த இஷ்டம் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்றுதான் தெரியவில்லை. மேலே படிக்க ஆசைப்பட்டபோது அவள் இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை. எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்த ஆஸ்பத்திரியில் பெயர் பதிவது, ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது, எல்லாம் அவர்களே கூடிப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் அவளிடம் சொல்வார்கள். ஒரு ஊசி என்று வந்ததும் ராஜ்யத்தையே தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டார்கள்.

மூன்று வாரம் ஓடியது. பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. ஊசி போட்டு ஏதாவது ஆனால் ஏன் போட்டாய் என்பார்கள். போடாமல் காய்ச்சலில் விழுந்தால் ஏன் போடவில்லை என்பார்கள். குழந்தைக்கு எது நல்லது என்று யோசிக்க உட்கார்ந்தால், யார் என்ன சொல்வார்கள் என்பதில்தான் போய் முடிந்தது. அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இந்த மூன்று பேருடைய வாய்க்கும் பயந்து பயந்தே குழந்தையை மறந்துவிட்டேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடையிலும் காய்ச்சல் நுழைந்தது. லென்ஸ் வெட்டுகிற அண்ணன் பத்து நாளாக வரவில்லை. முதலாளி ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்று கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். கண் சோதிக்கிறவளோ வருகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, டார்ச் அடித்துக் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். தள்ளி நின்று செய்கிற வேலை இல்லை அது.

ஒரு வியாழக்கிழமை, லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் வந்தார். டார்ச்சைக் கண்ணில் அடித்ததும் மாஸ்க் இல்லாமலே ஒரு தும்மல் போட்டார். மன்னிச்சுக்கோங்க மேடம், வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வது போல. அவள் முகம் கழுவிவிட்டு வந்து சோதனையை முடித்தாள். பவர் ஒன்றே முக்கால் ஏறியிருந்தது. உடனே மாற்ற வேண்டும், இந்தக் கண்ணாடியோடு வண்டி ஓட்டாதீர்கள் என்றாள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார்.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

"உங்க கண்ணை நான் டெஸ்ட் பண்ணியிருக்கேன். வீட்டுல யார் டெஸ்ட் பண்ணாங்க?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். டாக்டரம்மா சொன்னதும் இஷ்டம்தான், வீட்டில் சொன்னதும் இஷ்டம்தான். ஆனால் டாக்டரம்மா பார்க்க வேண்டியதைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு இஷ்டம் என்றார். மற்ற மூவரும் சொல்ல வேண்டியதற்குப் பதிலாகவே இஷ்டம் என்றார்கள். இந்த வித்தியாசத்தை ஒன்பது வருஷமாக ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பவள், தன் விஷயத்தில் மூன்று வாரம் திண்டாடியிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு படி இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி அறைக்கு வெளியே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு கிளார்க். படிவத்தை நீட்டிவிட்டு, கணவர் கையெழுத்து வேண்டும் என்றான். ஊசி எனக்குத்தானே என்றாள் அவள். வழக்கம் அப்படி என்றான் அவன். வேறு வழியில்லாமல் கணவனுக்குப் போன் செய்தாள். பின்னால் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னாள்.

"அதான் உன் இஷ்டம்னு சொல்லிட்டேனே. இதுல என் கையெழுத்து எதுக்கு? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா…" என்று இழுத்தான்.

ஏதாவது ஆனால் என்ன என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். படிவத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். அதற்குள் பேச்சுச் சத்தம் கேட்டு நர்ஸ் வெளியே வந்தாள். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஊசி போட்டுக்கொள்பவர் கையெழுத்து என்றுதானே இருக்கிறது, கணவர் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கிளார்க்கிடம் கேட்டாள். அவன் முதல்முறையாக அதைப் படித்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஊசி அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிஷத்துக்காகவா மூன்று வாரம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை இரண்டு நாள் வலிக்கும், லேசாக உடம்பு சுடலாம், பயப்பட வேண்டாம், பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பினாள் நர்ஸ்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனும் கேட்கவில்லை. கையெழுத்து கிடைக்காததால் திரும்பி வந்திருப்பாள் என்று அவனாக முடிவு செய்திருக்கலாம். அல்லது, கேட்டால் தானும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று விட்டிருக்கலாம். இரண்டு நாள் இடது கையைத் தூக்கமுடியாமல் துணி உலர்த்தினாள். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

பதினேழாம் நாள் காலையில் மாமனார் காய்ச்சலில் படுத்தார். ஒன்றிரண்டு நாளில் அவருடைய இருமலாலேயே வீடு நிறைந்துவிட்டது. கணவன் தாங்கிப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனான். ஃப்ளூதான் என்று மாத்திரையோடு திரும்பினார்கள். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டார்கள். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு வெந்நீர் ஜாடியைக் கொண்டுவந்து கதவோரம் வைத்தாள். அவர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். உண்மையிலேயே கவலையோடுதான் சொன்னார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"கிட்ட வராதம்மா. ஊசி போட்டுக்கோன்னு அப்பவே சொன்னேன். நீ கேக்கல."

கணவன் மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அப்பா சொன்னது சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினான்.

"போட்டுக்கிட்டேன். மூணு வாரம் ஆகப்போகுது" என்றாள் அவள்.

மாத்திரை உறை சரசரப்பது நின்றது. கணவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினாள்.

"போன தடவை போனது என்னாலதான்னு மூணு பேரும் சொன்னீங்க. இது நல்லபடியாப் பொறந்தா, அதுவும் என்னாலதான்னு சொல்வீங்களா?"

கணவன் மாத்திரையை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். மாமனார் இரண்டு முறை இருமினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"மொதல்ல நல்லபடியாப் பொறக்கட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.