கவுன்சிலருக்கு வந்த போன்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். என் பெயர் இல்லாத கணக்கில் இதை எழுதுகிறேன். யாரென்று தெரிந்தாலும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அம்மா எங்கள் வார்டு கவுன்சிலர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. வாசல் பலகையில் அம்மாவின் பெயர் இருக்கும், கீழே அப்பாவின் போன் நம்பர் இருக்கும்.

இன்று காலை அந்த போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"கவுன்சிலர் இருக்காங்களா?" என்றது ஒரு பெண்குரல்.

"அப்பா குளிக்கிறாருங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "கவுன்சிலர் உங்கம்மா தானே கண்ணு?"

வெட்கமாகிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். பார்லிமென்டில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வரப்போவதைப் பற்றி வெள்ளிக்கிழமை கோவையில் அவர்கள் பெண்கள் அமைப்பு நடத்தும் கூட்டமாம். அம்மா பேச வேண்டுமாம்.

"எனக்கென்னங்க தெரியும்? அவருகிட்ட கேட்டுச் சொல்றேனுங்க."

"உங்க வார்டுல தண்ணி எப்பங்க வருது?"

அவ்வளவுதான். எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, யார் வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று அம்மா நிறுத்தாமல் சொன்னார். கடைசியில், "சரிங்க, வாரேனுங்க" என்றார்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "போன்ல யாரு?"

"எனக்குத்தானுங்க வந்துச்சு. வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போறேனுங்க."

"என்னைக் கேக்காமயேவா?" என்றவர், போனை வாங்கித் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

போக விடுவாரா என்று பயமாக இருக்கிறது. அம்மா புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டார்.

டெல்லியில் உட்கார இடம் ஒதுக்குகிறார்கள், சந்தோஷம். எங்கள் வாசலைத் தாண்ட யார் ஒதுக்கித் தருவார்களோ? உங்கள் வீட்டில் எப்படிங்க?