பதினாறில் எடுத்து இருபத்து நாலில் ஓட்டிய படம்

1. சினி கேமரா கவுண்டர்

காஜா பெராங் சாலையில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் கலர் பூசிக்கொண்டிருந்தேன். மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். கடை முதலாளி ஒரு சீனர், அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் ஓடும் படம் எடுக்கும் சினி கேமராக்களை வாங்கிவந்து கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினார்.

"இனிமே நீ இத பாத்துக்கோ லா. கல்யாணம், பிறந்தநாள் எடுக்கிற ஆளுங்க வருவாங்க" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் பயிற்சி அவ்வளவுதான்.

இன்று வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டுகிறவர்கள் எந்த பார்மட்டில் சேவ் செய்வது, எந்த அளவில் எக்ஸ்போர்ட் செய்வது என்று குழம்புகிறார்கள். அந்தக் குழப்பம் எங்களுக்கும் இருந்தது. வீட்டுக்காரர்களுக்கு எட்டு மில்லிமீட்டர். கேமரா சின்னது, செலவு குறைவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்க வண்டி எல்லாம் பதினாறு மில்லிமீட்டர். ஒன்றின் படம் மற்றதன் புரொஜெக்டரில் ஏறாது. அதோடு வீட்டுப் பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் கழுவி வந்து திரையிலும் ஓடும். அது போனால் போனதுதான்.

இன்னொன்று வேகம். எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒரு விநாடிக்குப் பதினாறு பிரேம் எடுக்கும். சவுண்ட் புரொஜெக்டர் விநாடிக்கு இருபத்து நாலு ஓட்டும். படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் கோவிந்தன் படம்தான் எனக்குக் காட்டியது.

2. கோவிந்தன்

கோவிந்தன் ஓர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் மனைவி தனலெட்சுமி காசநோய் வார்டில் இருந்தாள். பிள்ளை பிறந்து நாலைந்து மாதத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். தூரத்தில் நின்று காட்டலாம் என்றால் அவளால் படுக்கையை விட்டு எழ முடியாது. குழந்தை கமலா தெங்கேராவில் கோவிந்தனின் அக்கா வீட்டில் வளர்ந்தது.

யாரோ விற்ற பழைய எட்டு மில்லிமீட்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, என் புள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சு. அவ அத பாக்கணும். இதுல எடுக்கலாம்தானே?"

எடுத்தார். குழந்தை குளிப்பது, கஞ்சி குடிப்பது, பண்டார் ஹிலிர் திடலில் நடந்து, விழுந்து, எழுந்து மறுபடி நடப்பது. சிங்கப்பூரில் கழுவி வந்த ரோலை நான்தான் வெட்டினேன். ஆட்டம் கண்ட இடங்களையும் வெயிலில் வெளுத்த இடங்களையும் எடுத்துவிட்டு, ஓரத்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி ஒட்டினேன். கடையிலிருந்த எட்டு மில்லிமீட்டர் புரொஜெக்டரில், எடுத்த அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். குழந்தை அசைந்து அசைந்து நடந்து வந்தது. கோவிந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

புரொஜெக்டரை வார்டுக்கு இரவல் கேட்டோம். தவுக்கே முகம் மாறிவிட்டது.

"தா போலே. முடியாது லா. சீக்கு ஒட்டும், உள்ள போன சாமான் திரும்ப வெளிய வராதுன்னு வார்டு சிஸ்டர் சொல்றாங்க. எனக்கு இருக்கிறது இந்த ஒரு சின்ன மெஷின்தான்."

வார்டில் சுகாதாரப் படம் காட்டும் ஒரு மெஷின் இருந்தது. அது பதினாறு மில்லிமீட்டர். ஆகவே எங்கள் படத்தைப் பதினாறு மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி வேறு பிரிண்ட் போடவேண்டும். சிங்கப்பூர் லேபுக்கு எழுதினேன். எந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். சிஸ்டரிடம் விசாரித்தேன். அது சவுண்ட் மெஷின், இருபத்து நாலில் மட்டும் ஓடும். அப்படியானால் படம் விரைவாக ஓடும், அதைச் சரிசெய்ய நடுநடுவே பிரேமை இரண்டு முறை அச்சடிக்க வேண்டும், அந்த வேலைக்குப் பிலிமை லண்டனுக்கு அனுப்பவேண்டும், வர மாதக்கணக்கில் ஆகும் என்று லேபிலிருந்து பதில் வந்தது.

கோவிந்தனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அவ்வளவு மாசம் அவ இருப்பாளான்னு டாக்டரே வாய தொறக்க மாட்டேங்கிறாரு தங்கச்சி. கொஞ்சம் வேகமா ஓடுனா என்ன? புள்ள மூஞ்சி தெரியும்ல? போதும். சிங்கப்பூர்லயே போட்டுருங்க."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

3. வார்டில்

பெண்கள் வார்டு என்பதால் மெஷினை ஓட்ட நான் போனேன். வாயில் துணி கட்டிவிட்டார்கள். சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி ஜன்னல்களைச் சாத்தினார்கள். தனலெட்சுமியைத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். கோவிந்தன் கட்டிலருகில் நின்றார்.

குழந்தை முகம் வந்ததும் அவள் "அய்யோ" என்று சிரித்தாள். அடுத்து கஞ்சி குடிக்கும் இடம். கை வாய்க்கும் கிண்ணத்துக்குமாக வெடுக்கு வெடுக்கென்று பறந்தது. பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. பார்க்க அப்படித்தான் இருந்தது. பிறகு நடக்கும் இடம். கால்கள் உதறின, உடம்பு வெட்டி இழுத்தது, விழுந்தது, யாரோ தூக்கி எறிந்ததுபோல் எழுந்தது. சிரிப்பு இன்னும் கூடியது.

தனலெட்சுமி சிரிக்கவில்லை.

"என்னங்க, ஏன் இப்புடி இழுக்குது? புள்ளைக்கு வலிப்பா?"

"இல்லம்மா, மெஷினு வேகமா ஓடுது, அவ்வளவுதான்."

"எங்கிட்ட மறைக்கிறீங்க. என் சீக்கு அதுக்கும் வந்திருச்சா?"

நான் மெஷினை நிறுத்தி அவளருகே போனேன். எடுத்த வேகம் வேறு, ஓட்டும் வேகம் வேறு, குழந்தை நன்றாக இருக்கிறது, நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். பிரேம் கணக்கெல்லாம் சொன்னேன். அவள் என் முகத்தில் கட்டியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எல்லாரும் சொல்லி வச்சிக்கிட்டு பேசுறீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

வெளியே வந்து கோவிந்தன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஏறி உட்காரத் தோன்றவில்லை அவருக்கு. பிறகு தினமும் பார்க்கப் போனார். சாப்பிடச் சொன்னால், "புள்ளைய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாளாம். காட்டினேன், ஒன்றுமில்லை என்றால் சாப்பிட வாயைத் திறக்கமாட்டாளாம். போட்டோ கொண்டுபோனார். "போட்டோவுல அசையாமத்தான இருக்கும்?" என்று கேட்டாளாம்.

4. இரண்டாவது ரோல்

இதைத் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் யாருக்கும் தொடக் கொடுக்காத தன் பதினாறு மில்லிமீட்டர் கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, வேகத்தை இருபத்து நாலில் தானே திருப்பி வைத்து, என் முன்னால் வைத்தார்.

"போய் எடு. நேரா வார்டு மெஷின்ல போடலாம். பிரிண்ட் வேண்டாம்."

தெங்கேராவில் அக்கா வீட்டு வாசலில் எடுத்தேன். கமலா கோவிந்தன் விரலைப் பிடித்து நடந்தது, விரலை விட்டுவிட்டு நடந்தது, கேமராவிடம் வந்து கண்ணாடியைத் தொடப் பார்த்தது. வெட்ட ஒன்றும் இல்லை. கழுவுவதற்கு அன்றே சிங்கப்பூருக்கு அனுப்பினோம்.

ஆனால் அது மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்த நேரம். நாடு முழுக்க எடுத்த பிலிம் எல்லாம் லேபில் குவிந்து கிடந்தது. தந்தி கொடுத்தோம். வரிசைப்படிதான் கழுவ முடியும் என்றார்கள். கோவிந்தன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடையில் எட்டிப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவார். ஒரு காலையில் அவர் வரவில்லை. தனலெட்சுமி போய்விட்டாள் என்று அவர் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பிலிம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பதினாறு மில்லிமீட்டர் மெஷினை இரவல் வாங்கிக் கடையில் ஓட்டினேன், கோவிந்தன் வந்து பார்த்தார். குழந்தை நிதானமாக, அழகாக நடந்தது.

"நல்லாத்தான் நடக்குது" என்றார். பிலிம் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்து, "இத நான் யாருக்கு தங்கச்சி காட்டுறது?" என்றார். டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தத் தொழிலில் மேலும் பல வருடம் இருந்தேன். எந்தக் கேமரா நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம், யார் பார்க்கப்போகிறார்கள், எங்கே, எந்த மெஷினில், என்ன வேகத்தில் என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். இதையெல்லாம் படம் எடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டும், எடுத்து முடித்த பிறகு மாற்றினால் பாதிதான் சரியாகும் என்று கூட வேலை செய்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். பலருக்கு உதவியிருக்கும். தனலெட்சுமிக்கு உதவவில்லை. தன் பிள்ளைக்கு வலிப்பு என்று நம்பிக்கொண்டேதான் அவள் செத்தாள்.