யாக்கோபு மேஸ்திரியும் நான் சொன்ன ஐம்பது நாளும்

பேரணாம்பட்டில் ஞானஸ்நான வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்த தோல் வியாபாரி ஒருவர் வாசலில் நின்றபடியே, "உபதேசியாரே, உங்க தோஸ்த் போய்ட்டாருங்க" என்றார். எந்த தோஸ்த் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருந்ததே ஒருத்தன். காலையில் டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டானாம். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டானே, பாவி!

அவனை அறிந்த சபையார் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அச்சில் "அவர்" என்று போடுவது மரியாதை, எனக்கும் தெரியும். முப்பது வருஷம் வாடா போடா என்று சண்டை பிடித்தவனை இன்றைக்கு அவர் என்று எழுதினால், சவப்பெட்டிக்குள் இருந்தே சிரிப்பான். அவன் என்றே எழுதிவிடுகிறேன்.

யாக்கோபு ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரியில் மேஸ்திரி. நான் சபையில் உபதேசியார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் எங்கள் வழக்கு ஆரம்பமாகும். தீர்க்கதரிசிகள் கண்ட மிருகங்களும் கொம்புகளும் எக்காளங்களும் நம் காலத்து ராஜ்யங்களையே குறிக்கின்றன, உட்கார்ந்து கணக்குப் போட்டால் முடிவுநாளை அறியலாம் என்பது என் கட்சி. "அது அந்தக் காலத்துல அடிபட்டுக் கெடந்த ஜனங்களுக்குத் தைரியம் சொன்னது. அதுல போயி ஜெர்மன் ராஜாவைத் தேடாத" என்பது அவன் கட்சி. வீட்டில் சோறு ஆறிப்போவதையும் மறந்து பாதிச் சபை எங்களைச் சுற்றி நிற்கும். உங்களில் பலர் நின்றிருக்கிறீர்கள்.

முந்தின பெரிய யுத்தத்தில் எருசலேம் துருக்கியர் கையிலிருந்து இங்கிலீஷ்காரர் கைக்கு வந்துவிட்டது என்று பத்திரிகையில் படித்த அன்று, ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியாமல் நான் டேனரிக்கே ஓடினேன். அவன் ஆவாரம்பட்டைத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுத் தோல் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தான். இதுதான் முடிவுக்கு அடையாளம் என்று நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, இந்தத் தோலை எடுக்கலாமா, சொல்லு" என்றான். தொட்டி மேல் சாக்கட்டியால் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். ஊற வேண்டிய நாள் முடிந்துவிட்டது, எடுக்கலாம் என்றேன். அவன் இடுப்புக் கத்தியால் தோலின் ஓரத்தில் ஒரு முனையை அறுத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினான். இரண்டு பக்கமும் பட்டைச்சாறு ஏறியிருந்தது. நடுவில் மட்டும் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு.

"பாத்தியா? நடுவுல இன்னும் பச்சைத் தோலு. நாள் கணக்கெல்லாம் தொட்டிக்குத்தான்டா, தோலுக்கு இல்ல. அறுத்துப் பாக்காம எடுத்தா அழுகிடும்."

"லோகத்தை யாருடா அறுத்துப் பாக்கறது?" என்று கத்தினேன்.

"அதான் நானும் சொல்றேன். அந்தக் கத்தி உன் கையில இல்ல. சும்மா இரு."

பக்கத்தில் வந்துகொண்டிருந்த சாயபு, "இன்னா உபதேசியாரே, உங்க நியாயத்தீர்ப்பும் எங்க கியாமத்தும் ஒரே நாள்தானா? ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க, ஜாஸ்தி தோல் வாங்காம இருக்கேன்" என்றார். தொட்டியில் நின்ற ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாக்கோபும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. வீம்பு பிடித்தவன் நான், பிறவிக் குணம். வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் கூட்டிக் கழித்து, வருகிற கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குள் ஆண்டவர் வந்துவிடுவார் என்று முடிவு கட்டினேன். அதைப் பிரசங்க பீடத்திலும் சொன்னேன். ஜெபத்துக்காக நிற்க வேண்டிய இடத்தில் நின்று, என் கணக்கைச் சொன்னேன். நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று ஆண்டவரே சொல்லியிருப்பதை யாக்கோபு எழுந்து நின்று ஞாபகப்படுத்தினான். "உட்காருடா அவிசுவாசி" என்றேன். சபை என் பக்கம் இருந்தது.

அந்த ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் இருமின ஆள் மறுநாள் பாடையில் போனான். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு சாவுமணிக்கும் எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. யுத்தம் வந்தது, கொள்ளைநோய் வந்தது, என் கணக்குத் தப்பவில்லை என்கிற சந்தோஷம். அப்படிப்பட்ட மனுஷனாக நான் இருந்தேன்.

யாக்கோபுக்கும் அன்னம்மாளுக்கும் ஒரே பெண், கிருபை. ஒன்பது வயது. பாட்டு வகுப்பில் முன்வரிசையில் நின்று, எல்லாரையும் விட அரை அடி முன்னாலேயே பாடிவிடுவாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் பாலாற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில் மழையில் நனைந்துகொண்டே அடக்கம் செய்தோம். அந்த வாரத்தில் அது எத்தனையாவது அடக்கம் என்று எனக்கே மறந்துவிட்டது.

நம் சபையில் அடக்கம் முடிந்தவுடனே தலைமாட்டில் பேர்ப்பலகை நடுவது வழக்கம். யாக்கோபு தேக்குப் பலகை ஒன்றைச் சீவி, தாரால் தன் கையாலேயே "கிருபை" என்று எழுதி, மழை படாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவன் குனிந்து அதை நடப்போனபோது நான் தடுத்தேன்.

"எதுக்குடா பலகை? இன்னும் ஐம்பது நாள்ல எழுந்து வரப்போற புள்ளைக்கு அடையாளம் வேற வேணுமா?"

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தான். அன்னம்மாள்தான் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. உபதேசியார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நட்டுட்டா நாம நம்பலன்னு ஆய்டும். நம்பலன்னா கிருபை எழுந்து வரமாட்டா" என்று கதறினாள். பெற்றவள் அப்படிக் கதறும்போது அவன் என்ன செய்வான்? வாதத்தில் ஒரு நாளும் தோற்காதவன், பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். இரண்டாம் நாள் அவனும் காய்ச்சலில் விழுந்தான்.

அடுத்த வாரமே யுத்தம் நின்றுவிட்டது. என் கணக்கில் யுத்தம் நிற்பதற்கு இடமே இல்லை. பிறகு திருநாளும் வந்தது. விடிந்தது, மணி அடித்தது, ஆராதனை முடிந்தது, ஜனங்கள் என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பத்து நாள் கழித்து ஒருவன் கதவைத் தட்டினான். எலும்பும் தோலுமாய், கைத்தடி ஊன்றிக்கொண்டு யாக்கோபு நின்றான்.

"வெளிய வாடா. உன்னை விட்டா எனக்குச் சண்டை போட யாரு இருக்கா?"

கிருபையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செவிட்டில் அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, பலகையை எடுத்துக்கொண்டு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கேதான் நான் செய்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. ஐப்பசி கார்த்திகை மழை அந்த வரிசையையே தரைமட்டமாக்கியிருந்தது. அடுத்தடுத்து இருபது குழிக்கு மேல். என் பேச்சைக் கேட்டு அந்த வரிசையில் ஒருவரும் பலகை நடவில்லை. குழி வெட்டினவனைக் கேட்கலாம் என்றால், அவனும் அதே காய்ச்சலில் போய்விட்டான். யாக்கோபு ஓரிடத்தில் நின்றான். பிறகு நாலு அடி தள்ளி நின்றான். "இதுவா? இல்ல... இது பெரிய ஆளுக்கு வெட்டினது மாதிரி இருக்குது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டான். கடைசியில் பலகையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வரிசையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து களை பிடுங்க ஆரம்பித்தான். அந்தக் கோடி வரைக்கும் பிடுங்கினான். நானும் உட்கார்ந்தேன். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

பதினெட்டு வருஷமாய், அந்தச் சனிக்கிழமை தவறாமல் அவன் அநாதைக் கல்லறைகளைச் சுத்தம் செய்ததாக இரங்கல் கூட்டத்தில் சிலர் புகழ்ந்தீர்கள். எவ்வளவு பரோபகாரி என்றீர்கள். அது பரோபகாரம் இல்லை ஐயா. அதில் ஒன்று அவன் மகளுடையது. எது என்று தெரியாததால் அத்தனையும் செய்தான்.

இனி அந்தக் கடைசி ஞாயிறு. இப்போது மறுபடி ஊரெல்லாம் யுத்தப் பேச்சாக இருக்கிறதல்லவா? வேப்பமரத்தடியில் சின்ன வயசுக்காரர்கள் என்னிடம் முடிவுகாலம் பற்றிக் கேட்டார்கள். நான் கணக்குப் போடுவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எல்லாரும் போன பிறகு யாக்கோபு என் தோளைப் பிடித்தான்.

"உன் கணக்கு போனா போவுது. ஆனா அவர் வர்றது மட்டும் பொய்யாய்டக் கூடாதுடா."

"நாளைக் கேக்காதன்னு நீதானே சொன்னே?"

"நான் நாள் கேக்கல. இடம் கேக்கறேன். அன்னைக்கு எந்தக் குழி தொறக்குதுன்னு நான் பாக்கணும். பாப்பேனா?"

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷ வாதத்தில் நான் வாய்தா கேட்டது அன்றைக்குத்தான்.

அடக்கத்தன்று எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். அந்த வரிசையின் கோடியில் என்றேன். மண் தள்ளி முடிக்கும் முன்பே தலைமாட்டில் பலகை நட்டேன், என் கையால் தார் தொட்டு அவன் பேரை எழுதி. எல்லாரும் கலைந்த பிறகு அன்னம்மாள் துண்டில் சுற்றின ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டு நான்தான் நட விடாம புடிச்சுக்கிட்டேன். அவரு பரண்ல வெச்சு, வருஷா வருஷம் எண்ணெய் தடவி வெச்சிருந்தாரு. இனிமே என்னால இத்தைப் பாக்க முடியாது. நீங்க வெச்சுக்கங்க" என்றாள்.

யாக்கோபிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பலகை. நான் பிரசங்கம் எழுதும் மேசைக்கு எதிரே வைத்திருக்கிறேன். வருகிற உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை களை பிடுங்கப் போவேன், அதையும் எடுத்துக்கொண்டு போவேன். பூச்சி அரிக்கவில்லை, எழுத்து மங்கவில்லை. எங்கே நடுவதென்றுதான் தெரியவில்லை.