குங்குமம் வைத்த ஸ்னோபுளோவர்

எங்கள் வீட்டுக்குப் புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் கோயிலுக்குத்தான் போகும். கார் போயிருக்கிறது, வான் போயிருக்கிறது, மகள் கம்பஸ் படிப்புக்கென்று வாங்கிய லாப்டொப்கூட அர்ச்சனைத் தட்டில் ஏறி இறங்கியிருக்கிறது. அன்றைக்கு அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, திஸ் இஸ் ஸோ எம்பரஸிங்" என்றாள். "சாமி கும்பிடுறதுக்கு என்னடி வெக்கம்?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அவளை ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆகவே பனியை அள்ளி வீச ட்ராக்டருக்குப் பூட்டுகிற ஸ்னோபுளோவரை என் வீட்டுக்காரர் டீலரிடமிருந்து ட்ரெயிலரில் ஏற்றி வந்தபோது, வாசலில் இறக்கவிடாமல் நேரே கோயிலுக்குத் திருப்பியதும் நான்தான். ஒஷாவா நகரத்துக்கும் அங்காலிருந்து ஓட்டி வந்த களைப்பு அவருக்கு.

"முதல் பூட்டிப் பாப்பமப்பா. சரி வருதோ எண்டு பாத்திட்டுப் போவம்" என்றார்.

"பூட்டிப் பாத்தால் பிறகு உது புதுசோ? பாவிச்ச சாமானையே சாமிக்குக் காட்டுறது?" என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். நான் பேசத் தொடங்கினால் அவர் அப்படித்தான்.

அவர் கோடையில் புல் வெட்டுவார், குளிருக்குப் பனி தள்ளுவார். வேலை செய்த ஃபக்டரி மூடிய பிறகு இதுதான் எங்கள் சோறு. இவ்வளவு நாளும் சின்னச் சின்ன வீட்டு வாசல்கள்தான் கிடைத்தன. இந்த முறைதான் மோர்னிங்சைட்டில் ஒரு டவுன்ஹவுஸ் தொகுதியின் பாதைகளும் கார் நிறுத்துமிடமும் எங்களுக்கு வந்தன. அதற்காகத்தான் பழைய ட்ராக்டர் ஒன்றை வாங்கினோம். தொகுதியின் மனேஜர் பெண் கண்டிப்பானவள். முதல் பனிக்கே பாதை துப்புரவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த வார இறுதியில் பனி கொட்டும் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கோயில் கார் பார்க்கில் வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கெட் போட்டுக்கொண்டு ஐயர் வந்தார். மந்திரம் சொன்னார், தேங்காய் உடைத்தார், ட்ரெயிலர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். மெசினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை நான்தான் கிழித்தேன். ஐயர் அதன் நெற்றியில், நெற்றி என்று நான் நினைத்த இடத்தில், ஒரு சின்னப் பொட்டு வைத்தார். எனக்குப் போதவில்லை. வீட்டுக்குச் சோறு போடப்போகிற மெசின் அல்லவா? மஞ்சளைக் குழைத்து, பனியை அள்ளுகிற சுருள் அலகு முழுவதற்கும் என் கையாலேயே பட்டை பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்டப் போனால் மெசின் பொருந்தவில்லை. எங்களுடையது சின்ன ட்ராக்டர், வந்திருந்தது பெரியதற்கு உரியது. ஓட்டை ஓட்டைக்கு நேரே வராது. அவர் நிலத்தில் படுத்துக் கிடந்து பார்த்தார், எழும்பி நின்று பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். அதையும் அவர் சொல்லவில்லை.

டீலருக்கு ஃபோன் எடுத்தேன். இங்கிலீஷ் பேசுவது எப்போதும் என் வேலை. டீலர் நல்ல மாதிரித்தான் பேசினார். பிழை தங்கள் பக்கமாக இருக்கலாம், கொண்டு வாருங்கள், பாவிக்காமல் இருந்தால் உடனே மாற்றித் தருகிறேன் என்றார்.

பாவிக்காமல் இருந்தால்! ஃபோனை வைத்துவிட்டு வெளியே போய் மெசினைப் பார்த்தேன். கோயிலில் வடிவாக இருந்த அதே மஞ்சளும் குங்குமமும் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன. அந்த வெள்ளைக்காரன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? இரும்புக்குப் பொட்டு வைக்கிற சனம் என்று சிரிக்க மாட்டானா? யோசிக்க யோசிக்க உடம்பெல்லாம் கூசியது. ஒரு வாளி சுடுதண்ணீரும் கோப்பை கழுவுகிற சோப்பும் எடுத்துக்கொண்டு தேய்க்கத் தொடங்கினேன்.

மஞ்சளில் சோப் பட்டால் சிவக்கும் என்பது கறி பட்ட சேர்ட்டுகளைக் காலமெல்லாம் தோய்த்த எனக்குத் தெரியாததா? அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் செந்நிறமாகி, கரைந்த குங்குமத்தோடு சேர்ந்து, அலகின் இடுக்குகளுக்குள் ஓடியது. குளிரில் ஆறிப்போன தண்ணீர் கையில் பட்ட இடமெல்லாம் விறைத்தது. பிரஷ் நுழையாத மூலைகளில் எல்லாம் அது அப்படியே காய்ந்துவிட்டது. "காணும், விடும். பாத்தால் பாக்கட்டும்" என்றார் அவர். மனமில்லாமல் விட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேருமாகப் போனோம். வானம் பனிக்குத் தயாராகக் கனத்துக் கிடந்தது. டீலரின் கவுன்டருக்குப் பின்னால், பாவித்த சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. டீலர் வெளியே வந்து ட்ரெயிலரில் ஏறினார். மெசினின் இலக்கத்தைப் பார்த்து, பிழையானதுதான் என்று தலையாட்டினார். பிறகு குனிந்து அலகுக்குள் பார்த்தவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதில் யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலால் காட்டிய பிறகுதான் விளங்கியது. ஐயோ கடவுளே, இரத்தம் என்று நினைக்கிறார்! குங்குமம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது, எங்கே தொடங்குவது, மெசினுக்கு ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் எப்போதும் வாய் திறக்காத என் மனுசன் திறந்துவிட்டார்.

"இட் கேம் லைக் தட்" என்றார். வரும்போதே அது அப்படித்தான் இருந்ததாம்.

நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். "நீர் சும்மா இரும்" என்று பல்லுக்குள் சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரிந்த ஆள் அல்ல. அந்த அறிவித்தலை அவரும் பார்த்திருந்தார், அவ்வளவுதான். கொன்ட்ராக்ட் போய்விடும் என்ற பயம் அவரை அப்படிப் பேச வைத்தது.

டீலர் உள்ளே திரும்பி ஒருவரைக் கூப்பிட்டார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வந்தார். எங்கள் மெசினை ட்ரெயிலரில் ஏற்றிவிட்டவர் அவர்தான் என்று என் மனுசன் மெதுவாகச் சொன்னார். அறுபதை நெருங்கிய, பெருத்த ஆள்.

"கையுறையைக் கழற்று. கையைக் காட்டு" என்றார் டீலர்.

அந்த ஆள் விளங்காமல் கழற்றினார். வலது பெருவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

வீட்டில் சமைக்கும்போது கத்தி பட்டது என்றார். டீலர் நம்பவில்லை. வேலை இடத்தில் காயம் பட்டால் மறைக்கக் கூடாது என்று எத்தனை தரம் சொன்னேன், மறைக்கிற ஆட்களை நான் வைத்திருக்க மாட்டேன் என்று எங்களுக்கு முன்னாலேயே பேசினார். "இல்லை, உண்மையாக வீட்டில்தான்" என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்கிற பிள்ளைபோல இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார். மடக்கவும் தெரியவில்லை அந்த மனுசனுக்கு.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எனக்கு நிற்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. சொன்னால் மெசின் எங்கள் தலையில், கொன்ட்ராக்ட் காற்றில், என் மனுசன் பொய்யன். சொல்லாவிட்டால் இந்த ஆளின் வேலை போகும். ஆனாலும் உடனே சொன்னேன் என்று எழுத மாட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தானாக ஏதாவது நடந்து இது முடியாதா என்று பார்த்தேன்.

"அது இரத்தமில்லை" என்றேன் கடைசியில். "நான் பூசினது. மஞ்சளும் குங்குமமும். எங்கட கோயில் வழக்கம். புது மெசினுக்கு வைப்பம். பிறகு கழுவப் பாத்தன், போகேல்லை."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். என் மனுசனின் முகத்தில் ஈயாடவில்லை.

டீலர் சிரிப்பார் என்றுதான் பயந்தேன். சிரிக்கவில்லை. திரும்பக் குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார், விரலை மணந்து பார்த்தார்.

"இதைக் கேட்டவுடனேயே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அவர் அந்த ஆளிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். அந்த ஆள் பரவாயில்லை என்று கையுறையைப் போட்டுக்கொண்டார். நாங்களும் கேட்டிருக்க வேண்டும். என் மனுசன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீலர் நியாயமாகத்தான் நடந்தார். பிழையான மெசினைத் தந்தது தாங்கள்தான், ஓடாத மெசின் பாவித்த மெசின் ஆகாது, கழுவினால் போய்விடும் என்று சொல்லிவிட்டு எங்கள் ட்ராக்டருக்கு உரியதை எடுத்துத் தரச் சொன்னார். கொன்ட்ராக்ட் தப்பியது. சந்தோசப்பட வேண்டிய நேரம் கூனிக் குறுகிப்போய் ட்ரெயிலருக்குப் பக்கத்தில் நின்றோம். "என்னை ஒரு மனுசனா வைச்சிருக்கிறீரோ?" என்று அவர் என்னைப் பாராமல் கேட்டார். "நீங்கள் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றேன். "நீர் ஏன் கழுவினனீர்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாய் நீளம் என்று பெயர் எடுத்த எனக்கு.

அந்த ஆள்தான் புது மெசினைக் கொண்டுவந்து பக்குவமாக ட்ரெயிலரில் வைத்தார். கட்டுகிற பட்டியை எடுத்து இறுக்கப் போனவர் நின்று, ஃபோர்க்லிஃப்ட்டின் எஞ்சினை நிறுத்தினார். முற்றம் அமைதியானது. சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை அலகுப் பக்கமாகத் தானே கவனமாக விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கள் வழக்கத்தை இப்போதே செய்யப் போகிறீர்களா? செய்யுங்கள், நான் பொறுத்திருக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்று, அந்தக் குளிரில் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை மரியாதையாகக் கழற்றினார்.

என் ஹேன்ட்பேக்கில் கோயில் குங்குமம் எப்போதும் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. கையை உள்ளே விட்டேன், குங்குமம் சுற்றிய கடதாசிச் சரை விரலில் பட்டது. கவுன்டர் யன்னலுக்குப் பின்னால் டீலரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோ, நோ, இட்ஸ் ஓகே" என்றேன். "வி டோன்ட் நீட்."

விளங்கவில்லையோ, நம்பவில்லையோ, அந்த ஆள் தொப்பியைக் கையில் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றார்.